மூன்றை எட்டாக்கிய கை

1

நாலைந்து மாதத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் ஷெட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. நாங்கள் எட்டு மாதமாகத் துடைத்துத் துடைத்து வைத்த விமானம் நாற்பது வருடத்துக்கு முன்பே எரிந்து சாம்பலாகிவிட்டதாம். எண் 2817, எங்கோ ஒரு பருத்திக் காட்டில் விழுந்தது, மிச்சம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார், அந்த விமானத்தைச் செய்த கம்பெனியின் பழைய ஏடுகளைப் பார்த்துக்கொள்கிற பெரியவர். கடைசியில் 'ஆழ்ந்த வருத்தங்கள்' என்று வேறு போட்டிருந்தார், துக்க வீட்டுக்கு எழுதுவது போல.

விமானத்தின் சொந்தக்காரர் ரான் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விமானத்தைப் பார்த்தார். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று இரட்டை இறக்கை. முன் சீட் இருந்த இடத்தில் பயிருக்கு அடிக்கிற மருந்துக்கான தொட்டி. விமானம் பேசாமல் நின்றது.

"செத்துப் போனதுக்கு எடை அதிகமா இருக்கே" என்றார்.

என் மகள் மலர் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த எண்ணில் எட்டு எப்படி வந்தது என்று இந்த நாட்டிலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அப்போது உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தான்.

தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்து ஆட்களுக்கு இதை எழுதக் காரணம் உண்டு. உங்களில் பாதிப் பேர் இந்த விமானத்துக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள். "ஏரோப்ளேன் மண்டபம்லாம் எறங்கு" என்று கண்டக்டர் கத்தும்போது பரிசுப் பொட்டலத்தோடு இறங்கியவர்கள். ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், மாப்பிள்ளை தலைக்கு மேலே மஞ்சளாக ஒரு இறக்கை தெரியும். அந்த மஞ்சள் நான் அடித்தது.

2

ரான் என்னைவிட முப்பது வயதுக்கு மேல் பெரியவர். நியூசிலாந்தின் தென் தீவில், ஆடு அதிகமும் ஆள் குறைவுமான இந்தச் சின்ன ஊரில், காருக்கு ஒடுக்கு எடுத்து பெயிண்ட் அடிக்கிற பட்டறை வைத்திருந்தார். ஏழு வருடமாக அங்கே பெயிண்டர் நான்தான். என்னை இங்கே கூப்பிட்டவரும் அவர்தான். வாலிபத்தில் இதே ஜாதி விமானத்தில் மலைமேல் பறந்து புல்லுக்கு உரம் தூவியவர். இப்போது கண் மங்கிக்கொண்டு வருகிறது. பட்டறையை மருமகனிடம் விட்டுவிட்டார். வருடக்கணக்காகப் பெட்டியில் கிடந்த இந்த விமானத்தை ஊர் விமானத் திடலின் ஓரத்து ஷெட்டில் எழுப்பி, ஒரே ஒரு தடவை அது பறப்பதைக் கீழே நின்று பார்க்க வேண்டும், கண் முழுசாகப் போவதற்குள். அதுதான் ஆசை.

வந்த புதிதில் அவர் காலையில் "எப்படி இருக்கே?" என்று கேட்பார். நானும் முட்டிவலியில் ஆரம்பித்து மாமனாரின் கண் ஆபரேஷன் வரைக்கும் சொல்வேன். பாவம், கையில் டீயோடு நின்று கேட்டுக்கொள்வார். அது பதிலை எதிர்பார்க்காத கேள்வி என்று எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் அவருக்குப் பழகிவிட்டது. ஒருநாள் நான் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொன்னதற்கு, "ஏன், வீட்டில் சண்டையா?" என்றார்.

என் பெயர் செல்வம். இங்கே எந்த ஆபீஸுக்குப் போனாலும் "மிஸ்டர் எத்திராஜ்" என்றுதான் கூப்பிடுவார்கள். எத்திராஜ் என் அப்பா. செங்கல்பட்டைத் தாண்டிப் போகாத மனுஷன். அவர் பெயருக்கு இந்த ஊரில் வரி நோட்டீஸ் வருகிறது, நூலகத்தில் புத்தகம் திருப்பித் தரவில்லை என்று அபராதம் வருகிறது. பள்ளியில் என் மகளும் எத்திராஜ். மனைவி கலா ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளும் எத்திராஜ். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டபோது கவுண்டரில் இருந்த அம்மாள் மூன்று முறை கேட்டாள், "உங்களில் யார் உண்மையான எத்திராஜ்?"

அந்த விண்ணப்பத்தோடு ஒரு காகிதம் வைக்க வேண்டும். நம்மை நன்றாகத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர், இன்னார் யோக்கியர் என்று எழுதித் தர வேண்டும். ரான் எழுதித் தந்தார். 'இவரை ஒன்பது வருடமாகத் தெரியும். பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.'

அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம்தான் விமானம் செத்த செய்தி வந்தது.

3

எண்பத்து நாலில் எனக்கு இருபத்தேழு வயது. மலர் கைக்குழந்தை. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் லாரிக்கு பெயிண்ட் அடித்து, நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தேன். யாரிடமும் போய்க் கற்றதில்லை. சுவரில் இருப்பதைப் பார்த்துப் பார்த்துக் கைக்குத் தானாக வந்தது. பக்கத்தில் காதர் பாயின் பழைய இரும்புக் கடை. பாய்க்கு ஒரு வசனம் உண்டு: "பழைய இரும்பு பொய் சொல்லாதுப்பா. விக்கிறவன்தான் சொல்வான்." அதைச் சொல்லிக்கொண்டேதான் விற்பார்.

ஒருநாள் லாரியில் இறக்கை கழற்றிய விமானம் ஒன்று வந்து இறங்கியது. வயலுக்கு மருந்து அடித்து அடித்து ஓய்ந்து, மீனம்பாக்கத்தில் ஒரு மூலையில் வருடக்கணக்காய் வெயில் தின்றுகொண்டிருந்ததாம். ரோடே கூடிவிட்டது.

"இன்னா பாய், லாரி பாடி வாங்கப் போய் ஏரோப்ளேன் புடிச்சாந்துட்ட?" என்றார் டீக்கடைக்காரர்.

"அட, ஏலத்துல கைய தூக்கி மூக்க சொறிஞ்சேன்பா. என் தலைல கட்டிட்டான்."

"குன்றத்தூருக்கு ஒரு டிரிப் அடிக்குமா? கோயில் படி ஏறாம நேரா மேல போய் எறங்கிக்கலாம்."

"மொதல்ல ரோட்ட தாண்டுதான்னு பாப்போம்."

இரண்டு மாதம் அது கிடந்தது. பாயின் கோழிகள் உள்ளே முட்டையிட்டன. பிறகு வரதராஜன் என்று ஒருவர் வந்தார். தாம்பரத்தில் புதுக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். வாசல் வளைவுக்கு மேலே விமானம் நின்றால் மெட்ராஸிலேயே அப்படி ஒரு மண்டபம் கிடையாது என்று கண் விரியச் சொன்னார். சுற்றிச் சுற்றிப் பார்த்தவர் வாலுக்கிட்டே போனதும் முகம் சுருங்கிவிட்டது.

"எல்லாம் சரி பாய். ஆனா நம்பரைக் கூட்டிப் பாத்தேன். ரெண்டு, மூணு, ஒண்ணு, ஏழு. பதிமூணு. ஒண்ணும் மூணும் நாலு."

"நாலு நல்ல நம்பர்தான சார். கட்டிலுக்கே நாலு காலு."

"நாலுன்னா ராகு, பாய்! மண்டப வாசல்ல ராகுவை ஏத்தி வெச்சா எவன் வந்து கல்யாணம் பண்ணுவான்?"

அவர் டீ குடிக்கப் போன இடைவெளியில் பாய் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

"செல்வம், மூணுல ரெண்டு வளைவு சேத்தா இன்னா ஆவும்?"

"எட்டு."

"அப்பால கூட்டினா?"

விரலை மடக்கினேன். "பதினெட்டு. ஒம்போது."

"ராசியா?"

"செம ராசி. ஆனா நம்பர மாத்தினா போலீஸ் புடிக்கும் பாய்."

"ஓடற வண்டிக்குதான்யா போலீஸு. இது கேட்டு மேல குந்திகினு கெடக்கப் போற பொம்ம. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்றானுங்க, மண்டபத்துக்கு ரெண்டு வளைவு கூடாதா?"

வரதராஜன் லேசுப்பட்டவர் இல்லை. எண் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தானே குனிந்து நிமிர்ந்து தேடினார். நாலு இடம். வாலில் பெயிண்டில். ஓட்டுகிறவர் சீட்டுக்கு எதிரே தகட்டில். இறக்கை சேருகிற மூட்டில். பிறகு, மருந்துத் தொட்டியைத் தூக்கவைத்துப் பார்த்தால், அதற்கு அடியில் ஒரு குழாயில். "நாலும் மாறணும்" என்றார். பக்கவாட்டில் இருந்த பெரிய பதிவு எழுத்துகளையும் மழித்துவிடச் சொன்னார். வாலில் தூரிகையால் முடித்தேன். தகட்டிலும் மூட்டிலும் சின்ன உளியால் மெல்லத் தட்டி வளைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. பிறவி எட்டு கூட அவ்வளவு அழகாக இருக்காது.

சாயங்காலம் பாய் வந்து, "நாலு எடமும் ஆச்சா?" என்றார்.

"ஆச்சு பாய்."

4

அடுத்த ஐந்து வருடம் மண்டபம் ஓகோ என்று ஓடியது. வெயில் காலத்தில் தொட்டியிலிருந்து மருந்து வாடை இறங்கும். "சாம்பார்ல மூட்டப்பூச்சி மருந்து கலந்துட்டானா?" என்று சம்பந்திகள் சண்டை போட்டுக்கொள்வார்கள். மற்றபடி ராசிதான்.

எண்பத்தொன்பதில் வெள்ளைக்காரர் ஒருவர் டாக்சியில் காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்கப் போனவர், தாம்பரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு முகூர்த்தக் கூட்டத்துக்கு நடுவே புகுந்து நின்று மேலே பார்த்து அழுதார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்றும் நினைத்துப் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள். அவர்தான் ரான். கோயிலுக்குப் போகவே இல்லை.

வரதராஜனுக்கு அதே சமயம் ஒரு வாஸ்துக்காரர் கிடைத்திருந்தார். விமானத்தின் மூக்கு தெற்கே, எமன் திசையைப் பார்க்கிறது என்று சொல்லிவிட்டார். யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிற மனநிலையில் இருந்தார் வரதராஜன். 'பழைய ஏரோப்ளேன் ஒன்று, ரிப்பேர்' என்று மண்டபத்து ரசீதில் எழுதிக் கொடுத்தார். ரானிடம் இருந்த ஒரே ஆதாரம் அது.

கழற்றிப் பெட்டியில் அடைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ரான் வால் எண்ணைத் தடவிப் பார்த்து, "இதை எழுதியது யார்?" என்று கேட்டார். பாய் என்னை முன்னால் தள்ளினார். "என் பட்டறைக்கு இப்படி ஒரு கை வேண்டும்" என்றார் ரான். ஊருக்குப் போய் மறக்காமல் கடிதம் போட்டார்.

என்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது அந்த எட்டுதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

5

மலர் ஏழு வயதில் இங்கே வந்தவள். இப்போது பதினாலு. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். கலா திட்டினால் மட்டும் தமிழ் வரும், அதுவும் "சரிம்மா" என்ற ஒரு சொல். குரோம்பேட்டைக் கதை ஏதாவது ஆரம்பித்தால் காதில் வயரை மாட்டிக்கொள்வாள்.

அந்தப் பெண்தான் இந்த வருடம் பள்ளிக்கூடத்தில், ஏதாவது ஒரு பொருளின் வாழ்க்கை வரலாற்றைத் தேடி எழுத வேண்டும் என்றதும் விமானத்தைப் பிடித்துக்கொண்டாள். ரானுக்குக் கடிதம் படிப்பதும் எழுதுவதும் அவள். இறக்கையின் ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டி, அடுக்கடுக்காக நோட்டில் ஒட்டினாள். மேலே என் மஞ்சள். அதற்குக் கீழே பச்சை, வெள்ளி, கடைசியில் வேறொரு மஞ்சள்.

"அப்பா, இந்தச் சிவப்பு பார்டர்?" இங்கிலீஷில்தான்.

"அது மண்டபத்துக்காக நான் போட்டது. பட்டுப்புடவைக் கரை மாதிரி இருக்கணும்னு வரதராஜன் கேட்டார்."

"யாரு வரதராஜன்?"

சொன்னேன். பாயின் கோழி, சாம்பார் வாடை, பந்தியில் ரான், எல்லாம் சொன்னேன். வயரைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள். வயிறு பிடித்துச் சிரித்தாள். எழுதிக்கொண்டாள். ஏழு வருடத்தில் என் பேச்சை யாரும் எழுதிக்கொண்டதில்லை. எண் விஷயத்தை மட்டும் தாண்டித் தாண்டிப் போனேன், சாணியை மிதிக்காமல் நடக்கிறவன் மாதிரி.

கடிதம் வந்த பிறகு விஷயம் முற்றியது. எரிந்துபோன விமானத்துக்குப் பறக்க அனுமதி இல்லை என்று விமான ஆபீஸ் இரண்டே வரியில் சொல்லிவிட்டது. அடையாளம் இல்லாத சாமானுக்கு ஷெட் தர முடியாது என்று திடல் கமிட்டியும் சொன்னது. உதிரிபாகம் வாங்குகிறவர் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. ரான் வியாழக்கிழமை ஷெட்டுக்கே வரவில்லை.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம்தான், ஆனால் பதினாலு வருடம் கழித்து அதே தட்டில் சாப்பிட உட்கார வேண்டியிருக்கிறதே. சொல்லிவிட்டேன். மலர் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"நீங்களா மாத்துனீங்க?" தமிழில் கேட்டாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"ரெண்டு வளைவும்மா. அவ்வளவுதான்."

"ரான் உங்க ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்காரு. பொய்யே சொல்லமாட்டாருன்னு."

"அதான்."

"இப்ப சொன்னா சிட்டிசன்ஷிப் போயிடுமா?"

"தெரியலை. போனாலும் போகும்."

கலா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "போனா குரோம்பேட்டைக்குப் போறோம். அங்க நம்மள யாரும் எத்திராஜ்னு கூப்பிடமாட்டாங்க. நாளைக்குக் காலையில போய்ச் சொல்லிட்டு வாங்க. மலரு, நீயும் போ. இவர் இங்கிலீஷ்ல மன்னிப்பு கேட்டா ரான் பிறந்தநாள் வாழ்த்துன்னு நெனச்சுக்கப் போறார்."

6

ரான் வீட்டு வாசலில் வைத்தே சொன்னேன். மலர் பக்கத்தில் நின்று, நான் விட்ட இடத்தை நிரப்பினாள். முழுசும் கேட்டுவிட்டு ரான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாலு என்றால் என்ன கெடுதல்?"

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷனிடம் ராகுவை எப்படிச் சொல்வது? பாம்பு, நிழல், கிரகணம், தடங்கல் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

ரான் திரும்பித் தன் கதவைப் பார்த்தார். வீட்டு எண் நாலு. வந்த முதல் நாளே நான் கவனித்ததுதான். மரியாதைக்காகச் சொல்லவில்லை.

"என் மனைவி ஓடிப்போனதுக்கு இப்போதான் காரணம் தெரிகிறது" என்றார். மலர்தான் முதலில் சிரித்தாள். பிறகு அவர் முகம் மாறியது. "சரி செல்வம். நீ சொல்வதை நான் நம்புகிறேன். ஆபீஸ் ஏன் நம்ப வேண்டும்? மூன்று இடத்திலும் எட்டுதானே இருக்கிறது?"

மூன்று இடம் என்று அவர் சொன்னதும்தான் எனக்குப் பொறி தட்டியது. நாலல்லவா?

மறந்தே போயிருந்தேன். எண்பத்து நாலில் அந்தச் சாயங்காலம், நாலாவது இடத்துக்காகத் தொட்டியைத் தூக்கப் போனவன், அதிலிருந்து வந்த மருந்து நெடியில் மூச்சு முட்டி, அப்படியே விட்டுவிட்டு வந்தேன். கை விடவே இல்லை. பாய்க்கிட்டே "ஆச்சு" என்றது சுத்தப் பொய். ஏமாற்று வேலையிலும் ஒரு ஏமாற்று வேலை.

ஷெட்டுக்கு ஓடினோம். ரான் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். தொட்டியின் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. கழற்ற மதியம் ஆகிவிட்டது. தொட்டியைத் தூக்கியதும் அதே நெடி, தாம்பரம் மண்டபத்துப் பந்தி வாடை. ரான் மூக்கைச் சுளிக்காமல் ஆழமாக இழுத்தார், மல்லிகைப் பூவை முகர்வது மாதிரி.

மலர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டுக் குழாயைத் துடைத்தாள். டார்ச்சைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்: "ரெண்டு." நிறுத்தினாள். "மூணு, அப்பா! மூணு!" மீதியைப் படிக்கவே இல்லை. ரான் தன் விரலால் தடவிப் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"என் காகிதத்தை வாபஸ் வாங்கணுமா?" என்று கேட்டேன்.

"எதற்கு? உண்மை சொல்கிறவர் என்று எழுதியிருக்கிறேன். வேண்டுமானால் 'பதினாலு வருடம் தாமதமாக' என்று சேர்த்து அனுப்பலாம்."

சேர்த்துத்தான் அனுப்பினார்.

அன்றைக்கே குரோம்பேட்டைக்குப் போன் போட்டேன். மலர்தான் கேட்டாள், பாய் குரலைக் கேட்க வேண்டுமாம்.

"இன்னாது, அது இன்னுமா கீது?" என்றார் காதர் பாய். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "நாலாவது எடம் நீ தொடலன்னு அன்னிக்கே தெரியும்பா. வெளிய வந்த, கைல மருந்து வாடையே இல்ல."

"அப்ப ஏன் பாய் கேக்கல?"

"நான் கேட்டு, நீ செஞ்சிருந்தா இன்னிக்கு இன்னா ஆயிருக்கும்? பழைய இரும்புக்கு பேசறதுக்குன்னு ஒரு எடம் வுட்டு வெக்கணும்பா."

7

சனிக்கிழமை வந்த உதிரிபாகக்காரர் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். 2317 உயிரோடு இருக்கிறது என்று ஏட்டுப் பெரியவர் பதில் போட்டார், இந்த முறை 'ஆழ்ந்த மகிழ்ச்சி' என்று. யுத்த காலத்தில் விமானிகளைப் பழக்கியது, பிறகு பூச்சி மருந்துக்கு மாறியது, கடைசி வரி: 'மெட்ராஸ். அதன்பின் தெரியவில்லை.'

நான் விமான ஆபீஸுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். எண்ணை மாற்றிய காரணம் என்ற இடத்தில் 'ராகு' என்று எழுதியிருந்தேன். நாலு நாள் கழித்து போன் வந்தது. மிஸ்டர் ராகுவின் விலாசம் வேண்டுமாம், அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கணுமாம்.

பறக்க இன்னும் ஒரு வருடமாவது பிடிக்கும். என்ஜின் வேலை பாக்கி. ரான் தினமும் வருகிறார். ஷெட் சுவரில் மலர் எழுதிய வரலாறு தொங்குகிறது. ஏட்டுப் பெரியவர் 'தெரியவில்லை' என்று விட்ட இடத்திலிருந்து அவள் தொடர்ந்திருக்கிறாள்: காதர் பாய், கோழிகள், வரதராஜன், ஏரோப்ளேன் மண்டபம். நடுவில் ஒரு வரி: 'எண்ணை மாற்றியவர், என் அப்பா. மாற்றாமல் விட்டவரும் அவரே.' வருகிறவர்களிடம் ரான் அந்த வரியை விரல் வைத்துக் காட்டுகிறார்.

வாலில் பழையபடி 2317 எழுத வேண்டியது என் வேலை. எழுதினேன். கலா வந்து பார்த்துவிட்டு, "நாலு வருதே" என்றாள். வரட்டும் என்றேன். ஆனாலும் சக்கரத்தில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டினேன். ரான் அது எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாள் அவர் வீட்டுக் கதவிலும் ஒன்று தொங்கியது.

போன வெள்ளிக்கிழமை நகர மன்றத்தில் எங்களுக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். "மிஸ்டர் எத்திராஜ்!" என்று கூப்பிட்டதும் செங்கல்பட்டைத் தாண்டாத என் அப்பாவுக்காகவும் சேர்த்து எழுந்து போனேன். கைகுலுக்கி ஒரு சான்றிதழைத் தந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் கண் தானாக மூலையில் இருந்த எண்ணுக்குப் போயிற்று. மனசு தானாகக் கூட்டியது. நாலு. நடுவில் ஒரு மூன்று வேறு, வாயைத் திறந்துகொண்டு.

பக்கத்தில் மலரும் அதையேதான் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறாள் போல. என் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.